எட்டும் பதினான்கு

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் வாசுகி. சீனி வேண்டாம் என்று நான் சொன்னதை உங்கள் கான்ஸ்டபிள் நம்பவில்லை போலிருக்கிறது, இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார். இருபத்து மூன்று வருஷம் டயாலிசிஸ் மையங்களில் வேலை பார்த்தவன் சீனியைத் தொடமாட்டான். சோறுகூட நான் அளந்துதான் சாப்பிடுகிறேன். இந்த வயதில் இவ்வளவு சுத்தமான சிறுநீரகத்தைப் பார்த்ததில்லை என்று டாக்டரே சொன்னார்.

வாக்குமூலத்தை மலாயில் சொல்லலாம் என்றீர்கள். நான் தமிழில் எழுதித் தருகிறேன், நீங்கள் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால்தான் எனக்குப் பிழை வராது. பிழை என்றாலே எனக்கு ஆகாது. நான் இங்கே வந்திருப்பதே ஒரு பிழையைத் திருத்தத்தான்.

எங்கள் நிறுவனத்தின் உள்விசாரணை அறிக்கை உங்கள் மேசையில் இருக்கிறது. அதன் ஏழாம் பக்கத்தைப் பாருங்கள். சர்வர்களின் பதிப்பு எண்கள் கவனக்குறைவாகச் சேகரிக்கப்பட்டன, அதற்கு ரூபினி பொறுப்பு என்று இருக்கிறது. ரூபினி எனக்குக் கீழே ஆறு வருஷம் வேலை பார்த்தவர். அந்த வாக்கியம் தவறு. அந்த எண்கள் போன அட்டவணையை முடிவு செய்தது ரூபினி இல்லை, நான். சுகுமாறன், ஐடி பிரிவின் மேலாளர். அதில் கவனக்குறைவு என்பது மருந்துக்கும் கிடையாது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் தலைமை அலுவலகம் செனாயில். கூலாய், பொந்தியான், பெக்கான் நானாஸ் என்று எட்டு ஊர்களில் மையங்கள். ஒவ்வொரு மையத்திலும் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் சர்வர். அந்த மையத்து நோயாளிகளின் விவரமெல்லாம் அதற்குள்ளே ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். உங்கள் கைப்பேசிக்குப் புதுப் பதிப்பு வருவது போல அந்தத் தரவுத்தளத்துக்கும் வரும். எந்த மையத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை எட்டிலும் கேட்டு, ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டு டைரக்டரிடம் கொடுக்க வேண்டும். புதிது என்றால் பச்சைக் கட்டம், பழையது என்றால் சிவப்புக் கட்டம்.

டைரக்டர் யஹ்யா நல்ல மனிதர். எண்களைப் படிக்கமாட்டார். தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து நிறத்தை மட்டும் பார்ப்பார். "ஒரு கட்டம் செவப்பா இருந்தாலும் எனக்குச் சோறு எறங்காது தம்பி" என்பார். ஒருவருக்குச் சோறு இறங்குவதும் இறங்காததும் நம் கையில் இருக்கும்போது பொறுப்பு கூடிவிடுகிறது. நான் அதை ஒரு நாளும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை.

போன வருஷம் எட்டு சர்வர்களையும் ஒன்பதாம் பதிப்பிலிருந்து பதினான்காம் பதிப்புக்கு மாற்ற உத்தரவு வந்தது. ஒரு சர்வருக்கு இருபது நிமிஷம் பிடிக்கும். அந்த நேரம் பெட்டியை நிறுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான். வேலையை ஆரம்பிக்கும் முன்பே 'பதிப்பு 14' என்று எட்டு லேபல்களை அச்சடித்து வைத்துக்கொண்டேன். எட்டும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு. ஒவ்வொரு சர்வரையும் மாற்றிவிட்டு நெற்றியில் ஒன்று ஒட்டி, படம் எடுத்து அலுவலக வாட்சாப் குழுவில் போடுவேன். ஏழு மையங்கள் இரண்டு வாரத்தில் முடிந்தன. கடைசி பெக்கான் நானாஸ். அங்கே நான் போன நாள் ஆயுத பூசையாக அமைந்துவிட்டது.

எங்கள் மையங்களில் ஆயுத பூசையை விடமாட்டார்கள். டயாலிசிஸ் இயந்திரங்களை நிறுத்த முடியாது என்பதால் காலைப் பிரிவு நோயாளிகள் எழுந்து போனதும் மதியப் பிரிவு வருவதற்குள் பூசையை முடித்துவிடுவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. மூத்த தாதி செல்வராணி சர்வருக்கு விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, அதன் மேல் ஒரு முழம் செவ்வந்திச் சரமும் சுற்றிவிட்டிருந்தார். பக்கத்தில் பொரியும் ஒரு பெரிய அன்னாசிப் பழமும் இருந்தன. அந்த ஊரில் அன்னாசி இல்லாமல் எந்தப் பூசையும் நடக்காது.

நான் மடிக்கணினியைத் திறந்ததும் செல்வராணி குறுக்கே வந்து நின்றார்.

"பூச போட்ட சாமான இன்னிக்குத் தொடக்கூடாது சார். நாளைக்கு வந்து பண்ணிக்குங்களேன்."

"இருவது நிமிசந்தான் மிஸ்ஸி."

"அலமாக், இருவது செகண்டும் கூடாது சார். இத்தன பேரு உயிரு இதுலதான் ஓடுது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் சாமி கும்பிடுகிறவன்தான். சரி, நாளைக்கு வரலாம் என்று முடிவு செய்தேன். லேபல் மட்டும் கையில் இருந்தது. அதைத் திரும்ப எடுத்துப் போனால் மூலை மடங்கிவிடும் என்பதற்காகக் குங்குமத்துக்குக் கீழே நேராக ஒட்டிவிட்டு வந்தேன். தாதிகள் சர்வரைச் சுற்றி நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். லேபல் படத்தில் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. நான் காரில் ஏறுவதற்குள் யஹ்யாவின் பதில் வந்துவிட்டது. "எட்டும் முடிஞ்சிருச்சா? சியாபாஸ் தம்பி." பிறகு வரிசையாக எல்லாருடைய கைதட்டல்களும் வந்தன.

இந்த இடத்தில் நீங்கள், 'அப்போதே இல்லையென்று சொல்லியிருக்கலாமே' என்று கேட்பீர்கள். அத்தனை பேர் நல்ல நாளில் சந்தோஷமாக இருக்கும்போது நடுவில் போய் அபசகுனமாக எதையாவது சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் சத்தமில்லாமல் போய் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் போக முடியவில்லை. போக நேரமிருந்தது, காரும் இருந்தது. தடுத்தது படிவம்தான். எங்கள் நிறுவனத்தில் ஒரு சர்வரில் கை வைக்க வேண்டுமென்றால் கணினியில் மாற்றப் படிவம் நிரப்பி டைரக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பழைய படிவத்தை வேலை முடிந்தது என்று யஹ்யாவே பூரித்துப் போய் மூடிவிட்டார். புதுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள். இப்போதுள்ள பதிப்பு, மாற்றப்போகும் பதிப்பு. முதல் கட்டத்தில் ஒன்பது என்று எழுதினால், நானே ஒட்டிய லேபலுக்கு நானே எதிராக எழுதியதாகிவிடும். பதினான்கு என்று எழுதினால் இரண்டு கட்டத்திலும் ஒரே எண் வரும். ஒரே எண்ணைப் படிவம் ஏற்றுக்கொள்ளாது. நான் போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே பதினான்காக இருக்கும் சர்வரைப் பதினான்காக மாற்ற வழியே இல்லை.

ஜனவரியில் அடுத்த அட்டவணைக்கு நாள் வந்தது. அதுவரை நான் ஒவ்வொரு மையத்துக்கும் தகவல் அனுப்பி, தாதிகள் அனுப்பும் லேபல் படத்தைப் பார்த்து எண்ணை எழுதிக்கொள்வேன். ரூபினிக்கு அது பிடிக்கவில்லை. செனாயில் உட்கார்ந்தபடியே நெட்வொர்க் வழியாக எட்டு சர்வர்களையும் வரிசையாகக் கூப்பிட்டு, உன் பதிப்பு என்ன என்று கேட்டு, வரும் பதிலைத் தானே அட்டவணையில் நிரப்பும் ஒரு சிறு நிரல் எழுதிக்கொண்டு வந்தார். நாற்பது வரிதான். நல்ல வேலை என்று நானே பாராட்டினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"சார், ஏழு சர்வர் பதினாலு சொல்லுது. பெக்கான் நானாஸ் மட்டும் ஒன்பதுங்குது."

"அங்க லேபல்ல பதினாலுன்னு இருக்கு லா. நானே ஒட்டுனது."

"லேபல் நாம எழுதுனதத்தான் சார் சொல்லும். நான் சர்வரையே கேட்டேன்."

"திரும்பக் கேளு."

"நாலு தடவ கேட்டுட்டேன் சார். ஒன்பதுலேயே நிக்குது."

எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. மற்ற ஏழும் அடக்கமாகப் பதில் சொல்லியிருக்கும்போது ஒன்று மட்டும் இப்படி முரண்டு பிடித்தது. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ரூபினியை அனுப்பிவிட்டு நிரலைத் திறந்தேன். ஒரே ஒரு வரிதான் சேர்த்தேன். எட்டாவது சர்வரைக் கேட்க வேண்டாம், பதினான்கு என்று எழுதிக்கொள். ஏழு பேர் ஒரே பதிலைச் சொன்ன பிறகு எட்டாவது ஆளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. நிரலின் முதல் வரியில் 'எழுதியவர்: ரூபினி' என்று இருந்தது. அதை அப்படியே விட்டுவைத்தேன். அடுத்தவர் உழைப்பில் என் பெயரைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அட்டவணை முழுப் பச்சையாக வந்தது. யஹ்யா அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

பிப்ரவரியில் அந்த மென்பொருளை விற்றவர்களிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பன்னிரண்டுக்குக் கீழே உள்ள பதிப்புகளில் ஒரு கோளாறு இருக்கிறதாம். ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு நோயாளியின் விவரத்தை அனுப்பும்போது, குறிப்பு நீளமாக இருந்தால் கடைசிப் பகுதி போய்ச் சேராது. சேரவில்லை என்று எச்சரிக்கையும் காட்டாது. உங்களிடம் அப்படிப்பட்ட சர்வர் எத்தனை இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். நான் அட்டவணையைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அன்றைக்கே பதில் அனுப்பினேன். நாடு முழுவதிலும் முதலில் பதில் போட்டது நாங்கள்தானாம்.

ரூபினி மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"சார், இருவது நிமிச வேல. நான் போயிட்டு வந்துடறேன். யாருக்கும் சொல்லமாட்டேன்."

"படிவம் இல்லாம சர்வர்ல கை வைக்கிறது குத்தம் ரூபினி."

"ஆளுங்க உயிரு சார்."

"அதுக்குத்தான் விதின்னு ஒண்ணு இருக்கு."

அடுத்த வாரம் அவரைப் பிரிண்டர் பிரிவுக்கு மாற்றினேன். சர்வர்களுக்குள் போகும் கடவுச்சொற்களையும் நீக்கினேன். தண்டனையாகச் செய்யவில்லை. விதியை மீறத் துடிக்கும் ஒருவரை ஆசை காட்டும் இடத்திலிருந்து தள்ளி வைப்பது மேலாளரின் கடமை.

செல்லப்பன் அண்ணனைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். பெக்கான் நானாஸ்காரர். அன்னாசி லோரி ஓட்டியவர், அறுபத்து நாலு வயது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான் சர்வர் பக்கம் போகும்போதெல்லாம் படுக்கையிலிருந்தே கூப்பிடுவார். "கம்ப்யூட்டர் சார், நான் இன்னும் உள்ள இருக்கனா?" நானும், "உள்ளதான் இருக்கீங்க அண்ணே" என்பேன். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. எனக்கு அவரை உண்மையாகவே பிடிக்கும்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை அவருடைய மகள் மலர் கூலாயிலிருந்து அலுவலகத்துக்குப் போன் செய்தார். சனிக்கிழமை குழந்தைக்குக் காது குத்து. அப்பா வெள்ளியே வந்துவிடுவார், சனிக்கிழமை டயாலிசிஸை மட்டும் கூலாய் மையத்தில் செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அழைப்பு என்னிடம் வந்தது.

"அப்பாவோட ரெக்கார்டெல்லாம் கூலாய்க்கு வந்துருமா சார்? இல்ல நான் எதுவும் பேப்பர் எடுத்துக்கணுமா?"

"ஒண்ணும் வேணாம்மா. எல்லாம் வந்துரும்."

மறுநாள் வியாழக்கிழமை பெக்கான் நானாஸிலிருந்து விவரத்தை அனுப்பினார்கள். அங்கே இருந்ததையும் கூலாய்க்கு வந்ததையும் திறந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கச் சொல்லவில்லை, இருந்தும் பார்த்தேன். கவனக்குறைவான ஆள் இதைச் செய்வானா என்று நீங்களே சொல்லுங்கள். செல்வராணி குறிப்பு எழுதினால் கடிதம் போல எழுதுவார். செல்லப்பன் அண்ணனுக்கு ஏழு வரி எழுதியிருந்தார். இடது கையில் ஊசி குத்தக் கூடாது, மூன்றாம் மணியில் கால் பிடித்துக்கொள்ளும், போர்வை இரண்டு வேண்டும், இப்படி ஐந்து வரி. ஆறாவது வரி: ஹெபரின் கூடவே கூடாது, முன்பு போட்டு மூச்சு நின்றிருக்கிறது. ஏழாவது வரி: பேசிக்கொண்டே இருப்பார், கொஞ்சம் காது கொடுக்கவும்.

ஹெபரின் என்பது ரத்தம் குழாயில் உறையாமல் இருக்க டயாலிசிஸில் அநேகமாக எல்லாருக்கும் போடுகிற மருந்து. கேட்கவே மாட்டார்கள், வேண்டாமென்று எழுதியிருந்தால்தான் நிறுத்துவார்கள். கூலாய்க்கு வந்து சேர்ந்தது ஐந்து வரிதான்.

நான் மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து யோசித்தேன். மூன்று வழி இருந்தது. ஒன்று, கூலாய் சர்வரில் அந்த இரண்டு வரியையும் நானே தட்டிச் சேர்ப்பது. நோயாளியின் விவரத்தில் ஐடி ஆள் கை வைப்பது பெரிய ஒழுக்கக் கேடு, என்னால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இரண்டு, கூலாய் தாதிக்குப் போன் செய்வது. ஏன் தானாக வரவில்லை என்று கேட்பார். மூன்று, பேப்பர் எடுத்துப் போங்கள் என்று மலரிடம் சொல்வது. நேற்று வேண்டாமென்றீர்களே என்பார், பிறகு நாலு பேரிடம் சொல்வார். மூன்றையும் ஒரு தாளில் எழுதி, நன்மை தீமை இரண்டையும் எதிரெதிரே போட்டுப் பார்த்தேன். அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். கீழே தேதியும் நேரமும் இருக்கிறது. எதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை என்பதற்கு அதுதான் ஆதாரம்.

அவருக்கே தெரிந்த விஷயம்தானே, வாய் ஓயாத மனிதர், கேட்டால் சொல்லிவிடுவார் என்ற முடிவுக்கு வந்தேன். சாப்பிடப் போனேன்.

கூலாய் தாதி சனிக்கிழமை கேட்டிருக்கிறார். அவருடைய வாக்குமூலத்தில் இருக்கிறது. 'உங்களுக்கு ஏதாச்சும் மருந்து ஆகாதா அண்ணே' என்று கேட்டதற்குச் செல்லப்பன் அண்ணன் சிரித்தாராம். "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு மிஸ்ஸி. பாருங்க, நான் உள்ள இருப்பேன்." தாதி திரையைப் பார்த்தார். ஐந்து வரியையும் படித்தார். போர்வை இரண்டு கொடுத்தார். மருந்தைப் போட்ட பத்தாவது நிமிஷம் அவருக்கு மூச்சு முட்டியது. மண்டபத்தில் காது குத்து முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் மலருக்குத் தகவல் போனது.

அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. எங்கள் பிரிவின் மேல் ஒரு லோரிக்காரருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கிறது. அந்த நம்பிக்கையை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு.

உள்விசாரணைக் குழுவுக்கு என்னைத்தான் செயலாளராகப் போட்டார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் பழைய பேக்கப்பைத் திறந்து பார்த்து, குறிப்பு வெட்டுப்பட்டிருப்பதால் அன்றைக்கு அங்கே பழைய பதிப்புதான் ஓடியிருக்க வேண்டும் என்றார்கள். அப்படியானால் அட்டவணையில் பதினான்கு எப்படி வந்தது என்று நிரலைக் கேட்டார்கள். முதல் வரியில் ரூபினியின் பெயர் இருந்தது. மேற்கொண்டு யாரும் படிக்கவில்லை. நாற்பத்தோரு வரியைப் பொறுமையாகப் படிக்க இந்தக் காலத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது. ரூபினி சொன்னதைக் குறிப்பெடுத்ததும் நான்தான். அவர் குரலை உயர்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று எழுதிக்கொண்டேன், அது உண்மைதானே. ரூபினிக்கு வேலை போய்விட்டது. இரண்டு மூன்று இடத்தில் கேட்டும் கிடைக்கவில்லை, சிங்கப்பூரிலும் விசாரித்துவிட்டு வேண்டாமென்கிறார்களாம்.

அதுவரைக்கும் நான் பேசாமல்தான் இருந்தேன். கடைசி வரைவில் யஹ்யா தன் கையால் 'கவனக்குறைவாக' என்ற சொல்லைச் சேர்த்தார். வேண்டாம் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். எடுக்கவில்லை. என் பிரிவிலிருந்து போன அட்டவணைக்கு அப்படியொரு சொல்லா. மூன்று மாதமாக எனக்குத் தூக்கம் இல்லை. அதனால்தான் இன்று காலை நானாகவே வந்தேன்.

கையெழுத்துப் போடுமுன் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எதையும் மறைத்ததாக இருக்கக் கூடாது. அவர் இறந்த மறுநாள் ஞாயிறு. மையத்துக்கு விடுமுறை. நான் பெக்கான் நானாஸுக்குப் போய் சர்வரை நிறுத்திப் பதினான்காம் பதிப்பைப் போட்டேன். பதினெட்டு நிமிஷத்தில் முடிந்தது. படிவம் நிரப்பவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் நான் செய்த ஒரே விதிமீறல் அதுதான். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

யாரையாவது அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு சர்வர்களையும் கேளுங்கள், எட்டும் பதினான்கு என்றுதான் சொல்லும். பெக்கான் நானாஸ் லேபலும் சரி, சட்டம் போட்டு மாட்டிய அட்டவணையும் சரி, இன்றைக்கு ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. புதுப் பதிப்பு வந்ததும் விடுபட்ட குறிப்புகளையெல்லாம் அது தானாகவே திரும்ப அனுப்பிவிட்டது. கூலாயில் செல்லப்பன் அண்ணனின் பெயரைத் திறந்தால் இப்போது ஏழு வரியும் இருக்கும். ஹெபரின் கூடாது என்று இருக்கும், பேசிக்கொண்டே இருப்பார், காது கொடுக்கவும் என்றும் இருக்கும். அவர் கேட்டதற்கு நான் சொன்னது பொய்யில்லை, அவர் முழுசாக உள்ளேதான் இருக்கிறார். ஏழாம் பக்கத்திலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.